முப்பத்தேழாம் நம்பர் அம்மன்

1

மன்னிப்பு, பெருந்தன்மை, காலம் ஆற்றிய காயம் என்று எதையாவது எதிர்பார்த்து இதைப் படிக்க உட்கார்ந்திருந்தால் இப்போதே எழுந்து போய்விடலாம். ஊரை விட்டு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. இந்த ஊர்க் குளிரில் என் கோபம் கெட்டுப்போகாமல் அப்படியே இருந்தது. அதை எடுத்துப் பயன்படுத்தியதைத்தான் எழுதப்போகிறேன்.

இருப்பது ஜெர்மனியில், டோர்ட்முண்ட் நகரத்தில். பிறந்து வளர்ந்தது விருதுநகர். என்னைப் பெற்ற அத்தாவுக்கு அங்கே மிளகாய் வற்றல் கமிஷன் கடை. நான் படம் வரைகிறவள். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் தினமும் பஸ் ஏறிச் சிவகாசிக்குப் போய், ஒரு காலண்டர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். சீசனுக்குப் பட்டாசுப் பெட்டி லேபிள், சீசன் முடிந்தால் காலண்டர் சாமி. கிளி, ரோஜாப்பூ, மத்தாப்பு பிடித்துச் சிரிக்கும் பிள்ளை, பாற்கடல், மயில் என்று நான் வரையாதது கிடையாது. நம் ஊர் வீடுகளில் எத்தனை சுவர்களில் என் கை தொங்கியது என்று எனக்கே தெரியாது.

இங்கேயும் விடவில்லை. மகள் பள்ளிக்கூடம் போனதும் சமையலறை மேஜையைத் துடைத்துவிட்டு ஜன்னல் பக்கம் இழுத்துப் போடுவேன். முட்டை வாங்கிய அட்டைக் குழிகள்தான் வண்ணத் தட்டு. தமிழ்க் கடைகளுக்குப் பெயர்ப் பலகை, பெண் பிள்ளை பெரியவளானால் நடத்தும் சாமத்திய வீட்டு மேடைக்குப் பின்னால் வைக்கும் தாமரைக்குளம், யாராவது இறந்துபோனால் போட்டோவைப் பார்த்துப் பெரிய படம். சிவகாசி வெயிலில் ஒரு கோட்டிங் அடித்து டீ குடித்துவிட்டு வந்தால் காய்ந்திருக்கும். இங்கே போஸ்டர் கலர் மத்தியானம் வரை ஈரமாகவே கிடக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு வெளிச்சம் போய்விடும் என்பதால், குளிர்காலம் முழுக்க ஓட்டப்பந்தயத்தில் வரைகிற மாதிரிதான்.

போன ஆகஸ்டில் கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்து மனிதர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். வருடா வருடம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் காலண்டரைச் சிவகாசியிலிருந்துதான் வரவழைப்பார். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர்ப் படங்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசி வழக்கம். அன்றைக்குப் பூஜை போட்டு, எல்லாப் படங்களுக்கும் நம்பர் கொடுத்து, ஏஜெண்டுகள் ஆர்டர் பிடிக்கக் கிளம்புவார்கள். இப்போது அது போனிலும் வந்துவிடுகிறது. அண்ணை போனை என்னிடம் நீட்டினார்.

“தங்கச்சி, நீங்கள் அந்தப் பக்கம்தானே. கலண்டருக்கு ஒரு படம் தெரிஞ்செடுத்துத் தாங்கோ. போன முறை பிள்ளையார் போட்டது. இந்த முறை அம்மன்தான் வேணும் எண்டு மனுசி நிக்கிறா.”

தள்ளிக்கொண்டே போனேன். முப்பத்தேழாம் நம்பரில் விரல் நின்றது. இருக்கன்குடி மாரியம்மன். சேலை பச்சையாக இருந்தது. நான் போட்டது அரக்கு. ஆனால் முகம் என் முகம். அதாவது நான் வரைந்த முகம். கீழே ஒரு மூலையில் செவ்வந்திப்பூ ஒன்று தனியாகக் கிடந்தது. நான் அதை வைத்தது வலது மூலையில். இது இடது மூலையில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பளிச்சென்று எழுதியிருந்தார்கள்: ஓவியம், ஆ. சண்முகவேல்.

கறிவேப்பிலையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

2

சண்முகவேல் அண்ணாச்சி எங்கள் படப் பிரிவுக்குத் தலைவர். கெட்டிக்காரர், அதை நான் மறுக்கப்போவதில்லை. பட்டாசுப் பெட்டியில் எழுத்து பார்க்கும்போதே வெடிக்க வேண்டும் என்றால் அவர்தான் எழுத வேண்டும். முகம் மட்டும் அவருக்கு வராது. அவர் வரைந்த லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் அவருடைய கொழுந்தியாள் முகம்தான் இருக்கிறது என்று பைண்டிங் பிரிவில் முத்துமாரி சொல்லிச் சிரிப்பாள். முத்துமாரி காலண்டரின் மேல்விளிம்பில் தகரப்பட்டை அடிப்பவள். என்னோடு ஒரே பஸ்ஸில் வருவாள். எனக்கு அந்த ஊரில் இருந்த ஒரே தோழி.

சாத்தூர்ப் பக்கத்துக் கடைக்காரர்கள் இருக்கன்குடி அம்மன் வேண்டும் என்று கேட்ட வருடம், அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

“நீ ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாம்மா. நான் வருசா வருசம் ஆடிக் கடைசி வெள்ளிக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறவன். பாத்துப் பாத்துப் பளகிப்போச்சு. இதுக்குப் புதுக் கண்ணு வேணும்.”

முத்துமாரியோடு போனேன். வாசலில் கொஞ்சம் தயங்கினேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பார்த்ததை மறப்பதற்குள் வரைந்துவிட வேண்டுமென்று வெளியே பூக்கடையில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தேன். பூக்கட்டுகிற அம்மா எட்டிப் பார்த்தார்.

“காலைப் பாத்துப் போடு தாயி. மத்த ஊர்லல்லாம் ஆத்தா இடது காலை மடக்கி, வலது காலைத் தொங்கப் போட்டிருப்பா. இங்கன மட்டும் வலது காலை மடக்கி, இடது காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்கா. மாத்திப் போட்டேன்னா அது எங்க ஆத்தா இல்ல, வேற யாரோ.”

நான் மறுபடியும் வரிசையில் நின்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் சொன்னது சரி. இடது கால்தான் தொங்கியது. நோட்டில் அதற்கு அம்புக்குறி போட்டு வைத்துக்கொண்டேன். வெளியிலிருந்து வந்தவளுக்கு எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. உள்ளேயே இருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

மூன்று வாரம் அந்தப் படத்தோடு இருந்தேன். கண்ணுக்கு மட்டும் இரண்டு நாள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பார்க்க வேண்டும் என்பது ஆர்டர் கொடுக்கும் பார்ட்டிகளின் நிரந்தரக் கோரிக்கை. முடித்ததும் வலது மூலையில் ஜமீலா என்று சின்னதாக எழுதினேன். ஆறு வருடத்தில் நான் பெயர் போட்ட முதல் படம் அது. முத்துமாரி தன் புதுப் போனில் என்னைப் படத்தோடு நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தாள். அண்ணாச்சி வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லா வந்திருக்கும்மா. ஆனா இது பூஜை ரூம்ல மாட்டுற படம். இந்தப் பேரைப் பாத்தா பார்ட்டி யோசிப்பாக. மூலையில ஒரு செவ்வந்திப்பூவைப் போட்டு மூடிரு.”

மூடினேன். என் பெயர் காய்வதற்கு முன்னால் என் பிரஷ்ஷாலேயே அதன்மேல் பூ வைத்தேன். அந்தக் கை இன்றைக்கும் எனக்கு எரிகிறது. வீட்டிலும் நிலைமை வேறு மாதிரி இல்லை. பிள்ளை சாமிப் படம் போடுகிறது என்று தெருவில் பேச்சு. பெண் பார்க்க வந்தவர்களிடம் அத்தாவின் தங்கை, என் மாமி, “பிரஸ்ல கணக்கு எளுதுது” என்றார். அங்கே பூவைப் போட்டு மூடினார்கள், இங்கே பொய்யைச் சொல்லி மூடினார்கள். கல்யாணமாகிக் கிளம்பும்போது அந்த ஒரிஜினலையாவது கொடுங்கள் என்று கேட்டேன். கெமிக்கல் பட்டு வீணாகிவிட்டது என்றார் அண்ணாச்சி. நம்பினேன்.

3

இந்த நாட்டில் ஓவியர்கள், பாட்டுக்காரர்கள், எழுதுகிறவர்களுக்கென்று தனியாக ஒரு காப்பீட்டு அலுவலகம் உண்டு. அதில் சேர்ந்தால் மருத்துவச் செலவுக்கும் வயதான காலத்துக்கும் கவலை இல்லை. அதைவிட, நீ ஓவியர்தான் என்று அரசாங்கமே எழுதிக் கொடுக்கும். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் காகிதம். அந்த ஆல்பத்தைப் பார்ப்பதற்கு முந்தின வருடம், ஒரு பை நிறையக் காலண்டரும் லேபிளும் எடுத்துக்கொண்டு, மொழிக்குத் துணையாக மகள் நஸ்ரினையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அதிகாரி பொறுமையான பெண்மணி. ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். மேஜை முழுக்க முருகனும் கிளியும் மத்தாப்புப் பிள்ளைகளும். கடைசியில் மரியாதையாகக் கேட்டார்: “அழகாக இருக்கிறது. இதில் உங்கள் பெயர் எங்கே?”

பதற்றத்தில் அவரை நீ என்று ஒருமையில் சொல்லிவிட்டேன். “நீ பார், இது என் கை, நீயே பார்” என்கிற மாதிரி. நஸ்ரினுக்குக் காது சிவந்துவிட்டது. அச்சான படத்தில் பெயர் வேண்டும், இல்லையென்றால் அச்சிட்ட நிறுவனத்தின் கடிதம் வேண்டும், சீலோடு, என்றார் அந்தப் பெண்மணி. போட்டோவெல்லாம் செல்லாது.

அண்ணாச்சிக்கு எழுதினேன். ஒரே வரி போதும் அண்ணாச்சி, ஜமீலா இங்கே படம் வரைந்தாள் என்று. எட்டு நாள் கழித்துக் குரல் பதிவு ஒன்று வந்தது. அதை நான் அழிக்கவில்லை, இன்னும் வைத்திருக்கிறேன்.

“என்னம்மா ஜமீலா, நல்லா இருக்கியா? மாப்ள, பிள்ளை எல்லாம் சுகமா இருக்காகளா? லெட்டர் கேட்டிருந்த. உன் பேர்ல இங்கன ரெக்கார்டு ஒண்ணும் இல்லியேம்மா. நீ எதெது வரைஞ்சன்னு இப்ப யாருக்கு நெனப்பிருக்கு? அங்க போய் நல்லாத்தான இருக்கீக, இது எதுக்கு உனக்கு?”

இரண்டு மாதத்தில் அலுவலகத்தின் பதிலும் வந்தது. நஸ்ரின்தான் வாசித்து அர்த்தம் சொன்னாள். அவள் தமிழ் கற்பது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், யாழ்ப்பாணத்து ஆசிரியையிடம். அவள் பேசுவதைக் கேட்டு விருதுநகரில் அத்தா, “பிள்ளை எந்த ஊர்த் தமிழ்மா பேசுது?” என்று குழம்புவார்.

“அம்மா, நீங்கள் தொழிலாகச் செய்யேல்லையாம். பொழுதுபோக்கு எண்டு எழுதியிருக்கினம்.”

ஆறு வருடம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், கழுத்து சுளுக்க உட்கார்ந்து வரைந்தது பொழுதுபோக்கு. அன்றைக்குச் சோறு பொங்கவில்லை. வீட்டுக்காரர் ரொட்டி வாங்கி வந்தார். அன்றிலிருந்து சண்முகவேல் அண்ணாச்சி என்றைக்காவது என்னிடம் மாட்ட வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக்கூடாததுதான். கேட்டேன்.

4

அண்ணையின் போனில் அந்தப் படத்தைப் பார்த்த மறுநாள் காலை, அதை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூ ஏன் இடது மூலைக்குப் போனது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் தொழிலில் இது பழைய பழக்கம். ஆல்பத்துக்குப் புதுப் படம் பற்றாவிட்டால் பழைய படம் ஒன்றை எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பி, சேலை நிறத்தை மாற்றி, புது நம்பர் கொடுத்துவிடுவார்கள். பிள்ளையாரை மட்டும் திருப்ப மாட்டார்கள், தும்பிக்கை மாறிவிடும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அம்மனைத் திருப்பினால் யாருக்கும் தெரியாது.

அம்மனின் காலைப் பார்த்தேன். இடது கால் மடங்கியிருந்தது. வலது கால் தொங்கியது.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தேன். வருடா வருடம் அக்கினிச்சட்டி தூக்கிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்ற மனிதருக்கு அவள் எந்தக் காலை மடக்கியிருக்கிறாள் என்று தெரியவில்லை. ஒரே ஒரு தடவை நோட்டுப் புத்தகத்தோடு போனவளுக்குத் தெரிந்தது. ஆல்பத்தில் படம் உள்ளங்கை அளவு. அத்தனை அம்மனும் அப்படியே உட்கார்ந்திருப்பதால் பார்க்கிறவர் கண்ணும் வழக்கமானதையே பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. முழு அளவில் அச்சாகி, சாத்தூரில் ஒரு கடைச் சுவரில் ஏறும்போது அது நடக்காது.

முத்துமாரிக்குப் போன் போட்டேன்.

“முப்பத்தேழாம் நம்பர் எப்படிப் போகுது?”

“அதை ஏன் கேக்க, அதுதான் இந்த வருசம் ராசா. சாத்தூர், இருக்கன்குடிப் பக்கம் இருக்கிற கடைபூரா அதையே கேக்காக. இன்னும் மிசின்ல ஏறல. ஐப்பசில ஏத்துவாக போல. அண்ணாச்சிக்குத் தல காலு புரியல, சால்வையெல்லாம் போட்டாக. ஏன்டி, அது உன் படம் மாதிரி இல்ல?”

“அப்படியா இருக்கு?” என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் படத்தைத் திருப்பிப் போட ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நான் சொல்லவில்லை. அண்ணைக்கு வேறு அம்மனைக் காட்டி ஆர்டர் கொடுக்கவைத்தேன். அவர் எனக்கு எந்தத் தீங்கும் செய்ததில்லை. புரட்டாசி போனது, ஐப்பசி போனது. அந்த மாதங்களில் ஓடியது மாதிரி என் கை என்றைக்கும் ஓடியதில்லை. ஒரு கல்யாணத்துக்கு ஆள் உயரத்தில் பத்து மயில் கேட்டார்கள். ஒவ்வொரு தோகைக் கண்ணாக வைக்கும்போது, இப்போது பிளேட் போட்டிருப்பார்கள், இப்போது மிஷினில் ஓடும், இப்போது தகரம் அடிப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே வைத்தேன். மயில்கள் அற்புதமாக வந்தன.

நஸ்ரினிடம் மட்டும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

“பிழை எண்டு தெரிஞ்சா சொல்ல வேணும்தானே அம்மா? அதோட, பேரை அழிக்கச் சொன்ன நேரம் நீங்கள் ஏன் மாட்டன் எண்டு சொல்லேல்ல?”

இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைக்கு அது அவ்வளவு சுலபமாக இருக்கிறது. வீட்டுப்பாடத்தை முடி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் கேட்டதில் எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, அண்ணாச்சிமேல் இன்னும் கொஞ்சம் கூடியது.

5

டிசம்பர் கடைசியில் வெடித்தது. காலண்டரை வாங்கிப்போன பெண்கள் மறுநாளே கடைக்குத் திரும்பி வந்து, எங்க ஆத்தா காலை மாத்திப் போட்டுருக்கீக, இதை வீட்டுல மாட்ட மாட்டோம் என்று கல்லாவில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு கடை, இரண்டு கடை இல்லை. லோடு லோடாகத் திரும்பி வருகிறது என்று முத்துமாரி சொன்னாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

இரண்டாவது நாள் முதலாளியே கூப்பிட்டார். நான் வேலை பார்த்த காலத்தில் என்னிடம் இரண்டு வார்த்தை பேசாதவர்.

“ஏம்மா, சண்முகவேல் சொல்றாரு, அந்தப் படம் அவர் வரையலையாம். பொறுப்புங்கிறதால பேரை மட்டும் போட்டுக்கிட்டாராம். நீதான் வரைஞ்சியாம். அவுகளுக்கு நம்ம சாமி எப்படித் தெரியும், கால் மாறிப்போச்சுங்கிறாரு. நெசமா?”

அவுகளுக்கு நம்ம சாமி எப்படித் தெரியும். இந்த வார்த்தை வரைக்கும் எங்கோ ஒரு மூலையில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அது அங்கேயே போய்விட்டது.

“ஆமாங்க முதலாளி. நான் வரைஞ்சதுதான். நான் பதில் சொல்லணும்னா, இப்ப சொன்னதை லெட்டர்பேடுல எழுதி, அண்ணாச்சி கையெழுத்தும் உங்க கையெழுத்தும் போட்டு, சீல் வச்சு அனுப்புங்க. எழுத்துல வந்தா எழுத்துல பதில் தாரேன்.”

பழியைப் போடும் அவசரத்தில் அன்று சாயங்காலமே போனில் அனுப்பிவிட்டார்கள். அசல் கடிதமும் அந்தக் காலண்டர் ஒன்றும் கூரியரில் வந்து சேர்ந்தன. ‘எங்கள் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் ஓவியராகப் பணியாற்றிய விருதுநகர் ஜமீலா அவர்களால் வரையப்பட்ட, எங்கள் காலண்டர்களில் அச்சிடப்பட்டுள்ள இருக்கன்குடி மாரியம்மன் படம்…’ என்று ஆரம்பிக்கிறது கடிதம். பிறகு பிழை, பொறுப்பு, நஷ்டம் என்று போகிறது. நான் முதல் வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். ரெக்கார்டு இல்லை என்றவர் கையெழுத்து கீழே அழகாக இருந்தது. சொன்னேன் அல்லவா, எழுத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

கடிதம் கைக்கு வந்த பிறகுதான் முத்துமாரி எடுத்த போட்டோவை முதலாளிக்கு அனுப்பினேன். அரக்குச் சேலையில் அம்மன், வலது கால் மடங்கி, இடது கால் தொங்குகிறது. மூலையில் ஜமீலா. பக்கத்தில் ஒல்லியாக நான். கீழே ஒரு வரி: ‘நான் வரைந்தது இது. திருப்பியது யார் என்று உள்ளே விசாரித்துக்கொள்ளவும்.’

விசாரித்தார்கள். என் ஒரிஜினல் கெமிக்கல் பட்டு வீணாகவில்லை, அண்ணாச்சி வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருந்தது என்று தெரியவந்தது. அவரைப் படப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது அட்டை குடோனில் இருக்கிறார். அதைக் கேட்ட அன்று நான் பாயசம் வைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது, ஏலக்காய் தட்டிப் போட்டு வைத்தேன்.

முத்துமாரிக்கு மட்டும் அந்தப் பாயசம் இனிக்காது. திரும்பி வந்த அத்தனை காலண்டரிலும் தகரத்தைப் பிரித்து எடுத்தது அவளும் பைண்டிங் பெண்களும்தான். தகரம் கிழித்து விரலில் துணி சுற்றிக்கொண்டே வேலை பார்த்திருக்கிறார்கள். கால் மாறியிருந்தது எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும் என்று அவளிடம் உண்மையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “ஒனக்கு அந்தாளு மேல கோவம். எங்க கை என்னடி செஞ்சுச்சு?” என்று போனை வைத்தாள். பதினைந்து நாள் பேசவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இந்தக் கணக்கில் நான் மன்னிப்புக் கேட்டது அவளிடம் மட்டும்தான்.

கடிதத்தை மொழிபெயர்க்கவைத்து, காலண்டரோடு காப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்பினேன். போன வாரம் பதில் வந்தது. தொழில் என்ற இடத்தில் ஓவியர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். முதலாளி, வரும் ஆடி ஆல்பத்துக்கு அந்தப் படத்தைச் சரியாகப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். என் பெயர் கீழே வந்தால் போடுங்கள் என்றேன். “பூஜை ரூம் படம்ங்கிறதால யோசிக்கணும்மா” என்றார். யோசிக்கட்டும். பெயர் இல்லாமல் இனி அது எந்தச் சுவரிலும் ஏறாது.

6

நேற்றுக் காலை வரைந்துகொண்டிருக்கும்போது அண்ணாச்சி கூப்பிட்டார். எடுக்க வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்க ஆசையாக இருந்தது. வயதாகியிருந்தது.

“சாப்பிட்டியாம்மா?”

“சாப்பிட்டேன் அண்ணாச்சி.”

“ஒண்ணு கேக்கணும். ஆல்பம் வந்தப்பவே நீ பாத்துட்டியா?”

“பாத்தேன்.”

“காலையும் பாத்தியா?”

“அதைத்தான் முதல்ல பாத்தேன்.”

குடோனில் யாரோ அட்டைக்கட்டை இழுக்கிற ஓசை வந்தது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா. என்ன இருந்தாலும் ஆத்தா காரியம்.”

“சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீக?”

“என்ன செஞ்சிருப்பேன், உடனே திருத்திப் போட்டிருப்பேன்.”

“யாரு பேர்ல அண்ணாச்சி?”

அவர் போனை வைக்கவில்லை. எனக்கு அவசரம் இல்லை. பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே காத்திருந்தேன்.